வாங்கியது 2 கிலோ, திரையில் பாக்கி 8 கிலோ: ஒரு விதை வங்கியின் டோக்கன் கணக்கு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் பயிரிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். 2 கிலோ விதை வாங்கினால் அறுவடை முடிந்ததும் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் மறைந்த நெல் ஜெயராமன் இந்த முறையில்தான் விதையை ஊர் ஊராகப் பரப்பினார். பணம் கைமாறுவதில்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி எல்லாம் மறுபடி டெல்டா வயல்களில் நிற்பதற்கு இந்த எளிய விதிக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ஆய்வில் வரும் விதை வங்கியும் அதே விதியில்தான் நடக்கிறது. திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம், கும்பகோணம் என்று நான்கு பக்கம் மையங்கள். ஒவ்வொன்றையும் நடத்துவது வேறு வேறு விவசாயிகள் குழு. ஓரிடத்தில் வாங்கிய விதையை இன்னோர் இடத்தில் திருப்பலாம் என்று வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் கணக்கு யார் கையில் இருப்பது என்பதில் பிடிவாதம். ஒரு குழுவின் கணினியில் எல்லோருடைய பேரேடும் இருப்பதை மற்ற மூன்று குழுவும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் பிளாக்செயினுக்கு வந்தார்கள். எனக்கு அது நியாயமான காரணமாகவே படுகிறது. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பேரேடு அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது.

பாலிகான் என்ற பிளாக்செயினில், ரகத்துக்கு ஒன்றாக ஈஆர்சி-20 டோக்கன் கான்ட்ராக்ட்கள் ஏற்றப்பட்டன. ஈஆர்சி-20 என்பது எத்தீரியம் என்ற பிளாக்செயினில் பிறந்த டோக்கன் தரம், பாலிகானிலும் அதுவே செல்லும். கான்ட்ராக்ட் என்பது சங்கிலியில் இயங்கும் நிரல். அவற்றோடு பேச ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய செயலி. அதை எழுதியவர் வேலை முடித்துக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். முதல் பருவம் முடிந்து விதை திரும்பி வரத் தொடங்கியபோது கணக்கு இடித்தது. என்னை அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

டோக்கன் எதைக் குறித்தது

இங்கே டோக்கன் என்பது நெல் அல்ல, நெல் பாக்கி. 2 கிலோ கொடுத்தால், சங்கிலியில் அந்த உறுப்பினருக்கு உள்ள முகவரிக்கு (கணக்கு எண் மாதிரி) 4 கிலோ அளவு டோக்கன் மின்ட் ஆகும், அதாவது புதிதாக உருவாகும். 4 கிலோவைத் திருப்பித் தந்தால் அது பர்ன் ஆகிவிடும், அதாவது அழிந்துவிடும். ஆக, ஒருவருடைய பேலன்ஸைக் கேட்டாலே அவர் எவ்வளவு தர வேண்டும் என்று தெரிந்துவிடும். அழகான வடிவமைப்பு, இதை யோசித்தவரைப் பாராட்ட வேண்டும். பெயர், கைபேசி எண் எதையும் சங்கிலியில் ஏற்றவில்லை. உறுப்பினர் எண்ணுக்கு ஒரு முகவரி. எந்த முகவரி யாருடையது என்பது மையங்களிடம் மட்டும். இதுவும் சரியான முடிவு. ஏனென்றால் பொதுச் சங்கிலியில் ஏறியதை அழிக்க வழியில்லை.

ஓர் ஓட்டை மட்டும் வடிவமைப்பிலேயே இருந்தது. ஈஆர்சி-20 தரத்தை 2015 நவம்பரில் ஃபேபியன் ஃபோகல்ஸ்டெல்லரும் விட்டாலிக் பியூட்டரினும் முன்வைத்தபோது, டோக்கனைச் சொத்தாகத்தான் நினைத்தார்கள். அதனால் டிரான்ஸ்ஃபர் செய்ய அனுப்புகிறவர் சம்மதம் போதும், பெறுகிறவரை யாரும் கேட்பதில்லை. சொத்துக்கு அது சரி. கடனுக்கு? என் பாக்கியை உங்கள் முகவரிக்குத் தள்ளிவிட்டு நான் கையைக் கழுவிக்கொள்ளலாம். உறுப்பினர்களின் பிரைவேட் கீ, அதாவது கையொப்பமிடும் ரகசியச் சாவி, மையங்களிடமே இருந்ததால் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் டிரான்ஸ்ஃபர் திறந்தே கிடந்தது. 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி இருக்கும் நாட்டில், கைமாறவே முடியாத கணக்குக் குறிப்பாக மட்டும் இது இருக்க வேண்டும் என்றுதான் குழுக்கள் முதலிலிருந்தே சொல்லிவந்தன. கான்ட்ராக்டில் அது எழுதப்படவில்லை.

மாசியில் தெரிந்தது

மன்னார்குடி மையத்துக்கு ஓர் அக்கா கட்டைப்பையில் கருப்புக் கவுனி கொண்டுவந்தார். தூற்றி, பதர் நீக்கி, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் அளவுக்குக் காயவைத்த விதை. தராசில் சரியாக 4 கிலோ. மேசையில் இருந்த இளைஞர் உறுப்பினர் எண்ணைத் தட்டினார். திரையில் 8.00.

“அக்கா, எட்டு கிலோ பாக்கின்னு காட்டுது.”

“எட்டா? ஆடியில ரெண்டு கிலோதானே தம்பி எடுத்தேன். நோட்டுல கையெழுத்து போட்டிருக்கேன், பாருங்க.”

நோட்டில் 2 கிலோதான் இருந்தது.

அதே வாரத்தில் வேதாரண்யத்தில் நேர் எதிரான சிக்கல். ஒரு பெரியவர் மாப்பிள்ளைச் சம்பா 4 கிலோவோடு வந்திருக்கிறார். திரை அவருக்குப் பாக்கியே இல்லை என்கிறது. “ஐயா, உங்க பேர்ல ஒண்ணுமில்லைன்னு வருது” என்றதும் அவருக்குக் கோபம். “இல்லாம எப்படிப்பா? வாங்கி வெதச்சேன், அறுத்தேன். நீ எடையைப் போடு.” எடை போட்டு, பர்ன் செய்யப் பார்த்தால் டிரான்ஸாக்ஷன் நிராகரிக்கப்பட்டது. இல்லாத பாக்கியைக் கழிக்க முடியாது என்று கான்ட்ராக்ட் சரியாகத்தான் மறுத்தது. செயலியோ “தெரியாத பிழை” என்று மட்டும் காட்டியது. கான்ட்ராக்ட் எழுதப் பயன்படும் ஓப்பன்செப்பலின் நூலகத்தின் 5ஆம் பதிப்பில் பிழைகள் வாக்கியமாக வருவதில்லை, தனிப் பிழை வகைகளாக வருகின்றன. செயலியிடம் இருக்கும் ஏபிஐ (ABI) பட்டியலில், அதாவது கான்ட்ராக்டின் செயல்கள் இவை, பிழைகள் இவை என்று சொல்லும் கோப்பில், அந்தப் பிழை வகையும் இருந்தால்தான் பெயர் தெரியும். இங்கே செயல்களை மட்டும் கொடுத்திருந்தார்கள். நோட்டைத் தேடி எடுக்கும்வரை பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம்.

ஒருவருக்கு இரட்டைக் கடன், இன்னொருவருக்குக் கடனே இல்லை. இரண்டும் ஒரே நாளில், ஆடி மாத விநியோகத்தன்று விழுந்த பிழைகள்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

மின்ட் ஆகும்போதெல்லாம் கான்ட்ராக்ட் ஒரு டிரான்ஸ்ஃபர் ஈவென்ட்டை (நிகழ்வுக் குறிப்பை) வெளியிடும், அது லாக்கில் பதியும். அனுப்பியவர் இடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத பூஜ்ஜிய முகவரி இருந்தால் அது புதிதாக மின்ட் ஆனது. பெற்றவர் இடத்தில் பூஜ்ஜியம் இருந்தால் பர்ன். செயலியின் தரவுத்தளத்தை ஒதுக்கிவிட்டு இந்த லாக்குகளை மட்டும் முதலில் எடுத்தேன். பாலிகானில் அப்போது ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு பிளாக் (பதிவுகளின் தொகுப்பு), நாளுக்குச் சுமார் 43,000 பிளாக் வரும். சங்கிலியின் நகலை வைத்துக் கேள்விக்குப் பதில் தரும் இலவச நோட் (node) சேவைகள் இத்தனை பிளாக்கின் லாக்குகளை ஒரே கேள்வியில் தருவதில்லை, எனவே துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிளாக்கிலும் நேரம் பதிந்திருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தி, பக்கத்தில் கையெழுத்து நோட்டின் வரிசை எண்ணை வைத்துப் பார்த்ததும் படம் தெளிந்தது. இரட்டைப் பதிவுகள் எல்லாமே காலையில் நடந்தவை. விடுபட்டவை எல்லாம் மதியத்துக்கு மேல்.

காலையில் என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன். டிரான்ஸாக்ஷன் ஏறுவதற்குக் கட்டும் கேஸ் கட்டணத்துக்குச் செயலியில் மாறாத ஓர் உச்சவரம்பு எழுதப்பட்டிருந்தது. அன்று காலை சங்கிலியில் நெரிசல், அடிப்படைக் கட்டணம் அந்த வரம்புக்கு மேலே போய்விட்டது. அனுப்பிய டிரான்ஸாக்ஷன்கள் பிளாக்கில் ஏறாமல் வரிசையில் நின்றன. செயலி 30 விநாடி காத்திருந்துவிட்டு “மறுபடி முயலவும்” என்றது. மேசையில் இருந்தவர் மறுபடி அழுத்தினார். செயலி என்ன செய்திருக்க வேண்டும்? பழைய டிரான்ஸாக்ஷனை அதே நான்ஸ் எண்ணில் (அனுப்புகிறவரின் டிரான்ஸாக்ஷன் வரிசை எண்) கட்டணம் கூட்டி அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், அடுத்த நான்ஸ் எண் போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கியது. கட்டணம் இறங்கியதும் இரண்டும் ஏறின. 4 கிலோ 8 கிலோ ஆனது இப்படித்தான்.

மேசையில் கூட்டம் நெருக்கியது. வெயிலில் நிற்கிற சனத்தைப் பார்த்து, செயலியின் நிரலில் ரெசீட்டுக்குக் காத்திருக்கும் வரியையே நீக்கச் சொல்லித் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். நீக்கிக் கொடுத்தும் விட்டார்கள். மதியத்திலிருந்து, அனுப்பியதும் வரும் ஹாஷை (டிரான்ஸாக்ஷனின் அடையாளக் குறி) பிடித்து அந்த இடத்திலேயே “பதிவானது” என்று எழுதிவிட்டது செயலி. வேகம் வந்தது. ஆனால் நான்கு மையங்களின் எல்லா மடிக்கணினியிலும் மின்ட் செய்ய ஒரே பிரைவேட் கீ. இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் இரண்டு கணினியும் ஒரே நான்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கும். ஓர் எண்ணில் ஒரு டிரான்ஸாக்ஷன்தான் ஏற முடியும். மற்றது வெளியே நின்று, அப்படியே உதிர்ந்து போகும். அதற்கும் ஹாஷ் உண்டு, செயலியில் “பதிவானது” என்ற குறிப்பும் உண்டு. சங்கிலியில் மட்டும் அது கிடையாது.

இந்த ஆய்வில் ஒன்றே ஒன்றை யாராவது எடுத்துக்கொள்வதானால் அது இந்த இடமாக இருக்கட்டும். ஹாஷ் என்பது நீங்கள் அனுப்பியதன் அடையாளம், அவ்வளவுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்கியதுமே நெல் விற்றாகிவிட்டது என்று நம் ஊரில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஈரம் பார்த்து, மூட்டை பிடித்து, எடை போட்டு, சீட்டு கைக்கு வந்தால்தான் விற்றது. அதுபோலத்தான் டிரான்ஸாக்ஷன் ரெசீட். அது வந்து, அதன் நிலை 1 என்று இருந்தால் மட்டுமே நடந்தது. 0 என்றால் பிளாக்கில் ஏறியது, கட்டணமும் போனது, வேலை நடக்கவில்லை. 2017 அக்டோபரில் பைசான்டியம் மேம்படுத்தலில் இந்த நிலைக் குறி எத்தீரியத்துக்கு வந்தது. சங்கிலியோடு பேசும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஈத்தர்ஸில் மின்ட்டைக் கூப்பிட்டால் உடனே கிடைப்பது அனுப்பிய டிரான்ஸாக்ஷன்தான். அதற்கு மேல் வெயிட் என்ற செயலைக் கூப்பிட்டால்தான் ரெசீட் வரும். பயிற்சிக் குறிப்புகளில் இந்த இரண்டு வரியும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றுபோலத் தெரிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் மின்சாரம் போகும், நெட் அறுந்துபோகும், கூட்டம் நெருக்கும்.

10 கிராம் பாக்கி

இது சின்ன விஷயம், ஆனால் டோக்கனோடு பேசும் நிரல் எழுதுகிற எல்லோரும் ஒரு தரமாவது சந்திப்பது. கான்ட்ராக்டுக்குப் புள்ளி வைத்த எண் தெரியாது, முழு எண்தான். எத்தனை இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்துப் படிக்க வேண்டும் என்பதை டெசிமல்ஸ் சொல்லும். பலர் 18 என்று வைத்துக்கொள்கிறார்கள். பெயர்பெற்ற டோக்கன்களில் யுஎஸ்டிசி, யுஎஸ்டிடி இரண்டும் எத்தீரியத்தில் 6, டபிள்யூபிடிசி 8. நம் விதை டோக்கனில் 2. அதாவது மிகச் சிறிய அலகு 10 கிராம்.

ஒரு விவசாயி பாக்கியின் ஒரு பகுதியாக 4.35 கிலோ கொண்டுவந்தார். செயலி அதை 100 ஆல் பெருக்கியது. ஜாவாஸ்கிரிப்டில் 4.35 ஐ 100 ஆல் பெருக்கினால் 435 வராது, 434.99999999999994 வரும். தசம எண்ணை இருமத்தில் வைக்கும்போது விழும் பிசிறு அது. முழு எண்ணாக்கக் கீழ்ப்பக்கம் வெட்டினார்கள், 434 ஆனது. மீதியைக் கொண்டுவந்து தீர்த்த பிறகும் அவர் பேரில் 0.01 கிலோ நின்றது. இன்னொரு பக்கம், தன்னார்வலர் ஒருவர் எழுதிய அறிக்கை நிரல் 18 என்று வைத்துக்கொண்டு அதே 435 ஐ 0.000000000000000435 என்று அச்சிட்டது. அது பரவாயில்லை, பார்த்ததும் தப்பென்று தெரியும். 434 தான் ஆபத்து, யார் கண்ணிலும் படாது.

தீர்வு எளிது. தட்டச்சிட்டதை எண்ணாக மாற்றாமல் எழுத்துச் சரமாகவே ஈத்தர்ஸின் பார்ஸ்யூனிட்ஸ் என்ற செயலுக்குக் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்டிடம் டெசிமல்ஸைக் கேட்டு வாங்கி அதையும் கூடக் கொடுத்தால் 435 என்ற பிக்இன்ட் (எவ்வளவு பெரிதானாலும் பிசகாத முழு எண்) கிடைக்கும். மூன்றாவது தசம இடம் தவறி வந்தால் அது பிழை சொல்லி நின்றுவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான். 18 டெசிமல்ஸ் உள்ள டோக்கனில் சாதாரண எண்ணைப் பயன்படுத்துவது இன்னும் மோசம். ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் வைத்திருக்கும் உச்ச முழு எண் 9,007,199,254,740,991. ஒரு முழு டோக்கனே அதைத் தாண்டிவிடும்.

திருத்தியது

நடந்த மின்ட்டை அழிக்க முடியாது. எதிர்ப் பதிவு போட்டுத்தான் நேராக்க முடியும். ஆனால் எதை நேராக்குவது? ஒரே முகவரிக்கு 4 கிலோ இரண்டு முறை ஏறியிருந்தால் அது இரட்டிப்பா, அல்லது இரண்டு வயலுக்காக இரண்டு முறை வாங்கியதா? லாக்கைப் பார்த்து இதைச் சொல்ல வழியே இல்லை. கையெழுத்து நோட்டு மட்டும்தான் சொன்னது. டிஜிட்டல் வந்துவிட்டதே என்று நோட்டை நிறுத்தச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்காத மையப் பொறுப்பாளர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அதனால் நோட்டையே சங்கிலிக்குள் கொண்டுவந்தோம். புதிய கான்ட்ராக்டில் ஒவ்வொரு மின்ட்டும் ஒரு கடன் எண்ணோடு வர வேண்டும். மையக் குறியும் நோட்டின் வரிசை எண்ணும் சேர்ந்தது அது. ஒரு முறை வந்த எண் மறுபடி வந்தால் கான்ட்ராக்ட் மறுத்துவிடும். செயலியில் எத்தனை கோளாறு இருந்தாலும், யார் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும், ஒரு கடன் ஒரு முறைதான் ஏறும். இந்தப் பாதுகாப்பைச் செயலியில் வைப்பதைவிடக் கான்ட்ராக்டில் வைப்பது பல மடங்கு மேல். நான்கு குழுவின் கணினிகளும் ஒரே பதிப்பில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. அதோடு டிரான்ஸ்ஃபரையும் அடைத்தாயிற்று. ஓப்பன்செப்பலின் 5ஆம் பதிப்பில் மின்ட், பர்ன், டிரான்ஸ்ஃபர் மூன்றும் ஒரே உள்செயல் வழியாகப் போகின்றன. இரு முனைகளில் ஒன்றில்கூடப் பூஜ்ஜிய முகவரி இல்லையென்றால் மறு என்று அங்கே ஒரு வரி போதும். ரகங்களையெல்லாம், பல வகை டோக்கன்களுக்கான ஈஆர்சி-1155 தரத்தில் ஒரே கான்ட்ராக்டில் சேர்க்கலாமா என்றும் பேசினோம். இருக்கிற கருவிகள் எல்லாம் ஈஆர்சி-20க்குப் பழகியிருந்ததால் விட்டுவிட்டோம்.

செயலிப் பக்கம் முக்கிய மாற்றம் வரிசை. முன்பு அனுப்பிவிட்டு எழுதியது, இப்போது எழுதிவிட்டு அனுப்புகிறது. கடன் எண்ணோடு தரவுத்தளத்தில் வரி விழும். நான்ஸ் எண் ஒதுக்கப்படும். கணினியிலேயே கையொப்பமிட்டு, அந்தப் பைட்டுகளையும் ஹாஷையும் சேமித்த பிறகே வெளியே போகும். மறுபடி முயல்வது என்றால் சேமித்த அதே பைட்டுகளைத்தான் அனுப்பும். அதை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே டிரான்ஸாக்ஷன், ஒரே ஹாஷ். கட்டணம் போதவில்லை என்றால் மட்டும், அதே நான்ஸில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கூட்டிப் புதிதாகக் கையொப்பம். மையத்துக்கு ஒரு கீ, கீக்கு ஒரு அனுப்பும் வரிசை. மடிக்கணினிகள் அந்த வரிசையில் போடும், தாமே அனுப்பாது.

பேலன்ஸ் படிப்பதிலும் ஒன்று கவனிக்க வேண்டியிருந்தது. நோட் சேவை என்பது ஒரு கணினி அல்ல, பல. ரெசீட்டை ஒன்று தரும், அடுத்த கேள்விக்கு இரண்டு பிளாக் பின்தங்கிய இன்னொன்று பதில் சொல்லும். பர்ன் ஆன பிறகும் பழைய பாக்கி திரையில் தெரிந்ததற்கு இதுதான் காரணம். இப்போது ரெசீட்டில் இருக்கும் பிளாக் எண்ணைக் குறிப்பிட்டே பேலன்ஸ் கேட்கிறோம். பின்தங்கிய நோட் அந்த பிளாக் தன்னிடம் இல்லை என்று சொல்லும், மறுபடி கேட்டுக்கொள்ளலாம். உறுப்பினருக்குத் தரும் அச்சுச் சீட்டு, பிளாக் இறுதியானதாகச் சங்கிலி அறிவித்த பிறகே வரும்.

வேதாரண்யம் குழு ஒரு நிபந்தனை வைத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது மின்சாரமும் தொடர்பும் இல்லாமல் கிடந்தவர்கள் அவர்கள். நெட் இல்லாத நாளிலும் பதிவு நடக்க வேண்டும் என்றார்கள். மையத்துக்குத் தனிக் கீ இருப்பதால் அது கைகூடியது. நான்ஸ் எண்ணை அந்த மையமே வரிசையாகப் போட்டுக் கையொப்பமிட்டு வைக்கும். தொடர்பு வந்ததும் மொத்தமாகப் போகும். அன்றைய கட்டணம் முன்கூட்டித் தெரியாது என்பதால் உச்சவரம்பைத் தாராளமாக வைக்கிறோம். 2021 ஆகஸ்டில் எத்தீரியத்துக்கு வந்து பிறகு பாலிகானும் எடுத்துக்கொண்ட கட்டண முறையில், வரம்பு எவ்வளவு இருந்தாலும் பிடிப்பது அந்த பிளாக்கின் அடிப்படைக் கட்டணமும் சிறு ஊக்கத்தொகையும்தான்.

பழைய கான்ட்ராக்டில் மின்ட் உரிமைகளை நீக்கிவிட்டோம். இன்னும் தீராத பாக்கிகள் மட்டும் நோட்டைப் பார்த்துப் புதியதற்கு மாறின. அந்த அக்காவுக்கு 4 கிலோ பாக்கி ஏறி, அவர் கொண்டுவந்த விதையோடு அன்றே தீர்ந்தது. பெரியவருக்கும் அப்படியே. 10 கிராமைக் குழு தள்ளுபடி செய்தது.

தள்ளுபடி என்றதும் இன்னொரு பேச்சு எழுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம் சம்பா மூழ்கிப் போனால் விதையைத் திருப்பித் தர முடியாது. அப்படிப்பட்டவர்களுடைய பாக்கியைக் குழு கூடி நீக்குவது பழைய வழக்கம். கான்ட்ராக்டில் பர்ன் என்பது ஒரே வகைதான், திருப்பியதும் நீக்கியதும் லாக்கில் ஒன்றுபோலவே இருந்தன. எத்தனை விதை உண்மையில் திரும்பி வந்தது என்ற கணக்கு அதில் கெட்டுவிடும். இரண்டுக்கும் தனி ஈவென்ட் வைத்தோம். நீக்குவதற்கு நான்கு மையத்தில் மூன்று கையொப்பமிட வேண்டும். காரணத்தைச் சங்கிலியில் எழுதலாமா என்று கேட்டதற்கு நான்கு குழுவும் வேண்டாம் என்றன. அது அந்தந்த மையத்தின் நோட்டில் இருக்கும்.